மூன்றாவது மங்கு

மூன்றாவது மங்கில் மட்டும் திருநாவுக்கரசு எதையும் போடமாட்டார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கோழிக்கூட்டின் முன்னால் குந்துவார். எதிரே மூன்று மங்கு. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற அதே மண் மங்குதான். ஓரம் உடைந்து தோட்டம் கழித்துப் போட்டதைப் பொறுக்கி வந்து கழுவி வைத்திருக்கிறார். மூன்றிலும் தண்ணீர் ஒரே அளவு நிற்கவேண்டும். தலையைத் தரைக்குச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஒன்றில் கூடிப்போயிருந்தால் விரலை விட்டுச் சுண்டிவிடுவார்.

முதல் மங்கில் தோட்டத்து மருந்துக்கூடத்து டிரஸர் கொடுத்த ரோஸ் நிறப் பொடி ஒரு சிட்டிகை. இரண்டாவதில் மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு சிட்டிகை. இரண்டுக்கும் தனித்தனி ஈர்க்குச்சி. கலக்கிவிட்டு, மூன்றாவதாக ஒரு புதுக் குச்சியை எடுத்து, வெறும் தண்ணீரையும் அதேபோல் ஏழு சுற்றுக் கலக்குவார்.

"வெறுந்தண்ணிய எதுக்குய்யா கலக்குறே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அதற்காகத்தானே காத்திருக்கிறார்.

"கலக்குறதே மருந்தா இருந்துட்டா? அப்ப பேரு பொடிக்குப் போயிருமே. அதான் இதையும் கலக்குறேன்."

கூடு மூன்று அறை. பலகை எல்லாம் ஆலையின் பழைய பெட்டிப் பலகை. அறைக்கு நாலு கோழி. டிரஸர் கட்சிக் கோழிகளின் காலில் வெள்ளைத் துணி, ஆத்தா கட்சிக்குச் சிவப்புத் துணி. மூன்றாவது அறைக் கோழிகளின் காலில் ஒன்றும் கிடையாது. கோழிக்குச் சீக்கு இருக்கிறதோ இல்லையோ, மாதத்தில் ஒரு வாரம் இந்த வைத்தியம் நடக்கும்.

கோலா பிலா ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே போனால் புக்கிட் கெலாடி தோட்டம். அங்கே போய்த் திருநாவுக்கரசு வீடு எது என்று கேட்டால் இரண்டு பேர் யோசிப்பார்கள். "மூணு மங்கு வீடு" என்றால் நாய்கூடக் கூட்டிக்கொண்டு போகும். ஆளுக்கு வயது ஐம்பத்திரண்டு. குட்டையான உருவம், கெட்டியான கழுத்து. ஆலையில் பாலை உறைய வைப்பது அவர் வேலை. வெட்டு முடிந்து வருகிற பாலைத் தட்டுகளில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலந்து, நுரையை வழித்து, மூடி வைக்கவேண்டும். மறுநாள் அது தோசை மாதிரி எழும்பி வரும். உருளையில் கொடுத்துப் பிழிந்து புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். இருபது வருஷமாக ஆசிட்டில் கைவிட்டு, வலது கை விரல் நகங்கள் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவரிடம் ஒரு புளிப்பு வாடை இருக்கும். கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஊறுகாயைத் தேடுவான்.

படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு, கோடு போட்டது. காதில் செருகிய தச்சன் பென்சிலால் அதில் எழுதுவார். எழுதுவது சோதனை முடிவு.

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்பதும் ஆலையில் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தாறில் ஒரு நாள் கழுத்தில் டை கட்டிய ஒருத்தர் காரில் வந்து இறங்கினார். புது ஆசிட் கொண்டுவந்திருந்தார். பழசைவிட இது வேகமாம், சைன்ஸ் கண்டுபிடித்ததாம். அதே வாரம் புகைக்கூடத்தில் தீப்பிடிக்காமல் இருக்கப் பூசை போட்ட பூசாரி முனியாண்டி, தட்டுகளின் மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு, இனிமேல் பால் பொன்னாக உறையும் என்று சொல்லிவிட்டுப் போனார். திருநாவுக்கரசு மூன்று தட்டு எடுத்தார். ஒன்றில் புது ஆசிட். ஒன்றில் தீர்த்தம். ஒன்றில் ஒன்றுமில்லை. மறுநாள் வந்து பார்த்தால் மூன்றும் உறைந்து கிடக்கிறது.

"சும்மா விட்டதும் உறைஞ்சிருக்கு பாத்தீங்களா ஐயா!" என்று கணக்கெழுதும் கிராணியிடம் ஓடினார்.

கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உறைஞ்சிருக்குலா, நாறவும் செய்யுது. தூக்கிப் போடு முதல்ல" என்றார்.

நாற்றம் வேறு விஷயம் என்று திருநாவுக்கரசு முடிவு கட்டிவிட்டார். நோட்டில் முதல் வரி அன்றைக்குத்தான் ஏறியது: பால் தட்டு, சும்மா விட்டது, உறைந்தது. தோட்டம் புது ஆசிட்டையே வாங்கியது. இவரும் மறுக்காமல் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் முணுமுணுப்பார். "உறையறது பாலு. பேரு வாங்குறது ஆசிட்டு."

அதிலிருந்து யார் என்ன வைத்தியம் சொன்னாலும், என்ன வேண்டுதல் பலித்ததென்று சொன்னாலும், ஒரே கேள்விதான் கேட்பார்: "சும்மா இருந்தது என்னாச்சு? அத மொதல்ல சொல்லு."

காவடி எடுத்தேன், மகனுக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது என்று வந்தான் ஒருவன். "காவடி எடுக்காத எட்டியப்பன் மகனுக்கும் அதே ஃபேக்டரிலதானே வேல?" டானிக் குடித்ததில் பசி எடுக்கிறது என்றாள் ஒருத்தி. "மத்தியானம் வரைக்கும் சும்மா இருந்து பாரு, அப்பவும் எடுக்கும்."

இப்படிப் பேசுகிற ஆளை இரண்டு பேருக்கு ஆகாமல் போகவேண்டும். போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒருவர் டிரஸர் கணேசமூர்த்தி. தோட்டத்து மருந்துக்கூடம் அவர் பொறுப்பு. சொந்த வீடு சிரம்பானில், ரஹாங் பக்கம். சனிக்கிழமை மத்தியானம் மோட்டாரில் போய் ஞாயிறு சாயங்காலம் வருவார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. "சைன்ஸ் என்னா சொல்லுதுன்னா" என்று தொடங்காமல் அவருக்கு ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்க வராது.

மற்றவர் பூசாரி முனியாண்டி. வருஷத்துக்கு ஒரு வாரம் தீமிதியில் முழுப் பூசாரி. மற்ற நாளெல்லாம் புகைக்கூடத்தில் விறகு தள்ளுகிறவர். திருநாவுக்கரசின் மனைவி பஞ்சாலைக்குப் பெரியப்பா மகன். அதனால் இவருக்கு மச்சான். கண் இரண்டும் எப்போதும் சிவப்பு. பக்தியால் சிவந்தது என்று பெண்கள் சொல்வார்கள். விறகுப் புகை என்று டிரஸர் சொல்வார்.

வேலை முடிந்து மூன்று பேரும் பந்துத் திடல் ஓரத்து பெஞ்சில் உட்காருவார்கள். டிரஸரும் பூசாரியும் ஒருவரையொருவர் பிடுங்கிக்கொள்வார்கள். நடுவில் இவர் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து இவர்மேல் பாய்வார்கள்.

எண்பத்து நாலில் கோழிச் சீக்கு வந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் முக்கால்வாசிக் கூடு காலியானபோது, திருநாவுக்கரசின் மூன்றறைக் கூட்டில் முடிவு இப்படி இருந்தது: வெள்ளைத் துணியில் மூன்று போச்சு. சிவப்புத் துணியில் மூன்று போச்சு. சும்மா இருந்ததில் ஒன்றுதான் போச்சு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கோழி செத்த வீட்டுக்காரன் முகமா அது? நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"டிரஸர் ஐயா, மச்சான், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க."

டிரஸர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "திருநாவு, பன்னெண்டு கோழிய வச்சிக்கிட்டு சைன்ஸ் பேசப்படாது. பன்னெண்டாயிரம் கோழி வேணும்லா."

"அப்படியா? போன வாரம் எனக்குக் குடுத்தீங்களே ஒரு மாத்திர, அத பன்னெண்டாயிரம் திருநாவுக்கரசுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தீங்களா?"

பூசாரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க மச்சான். உங்க கட்சியிலயும் மூணு போச்சு."

"ஆத்தாளச் சோதிக்கிறவனுக்கு ஆத்தா பதில் சொல்லமாட்டா மாப்ளே."

"சோதிக்காதவனுக்குச் சொல்லியிருக்காளா? எந்த பாஷையில?"

"இவன் வாயில ஆசிட்ட ஊத்த!" என்றார் பூசாரி.

"ஊத்துனா ஒறையும். சும்மா வுட்டாலும் ஒறையும்" என்றார் திருநாவுக்கரசு.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். சாமி இறங்கி ஆடி முடித்தபிறகு பூசாரிக்குத் தலை பிளந்துவிடும். கோயில் பின்பக்கமாக மருந்துக்கூடத்துக்குப் போய் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருவார். டிரஸரின் கைக்கடிகார வாருக்கு அடியில், முனியாண்டி மந்திரித்துக் கட்டிய மஞ்சள் கயிறு ஒன்று இருக்கிறது. வாரை இறுக்கிப் போட்டால் வெளியே தெரியாது. இரண்டையும் பார்த்தவர் இவர் ஒருவர்தான். நோட்டில் எழுதவில்லை. பெஞ்சிலும் சொல்லவில்லை. கேலிக்கு அத்தனை துடிக்கிற நாக்கு, அந்த இடத்தில் மட்டும் அடங்கிக் கிடக்கும்.

பஞ்சாலை பால்வெட்டுக்காரி. நல்ல உயரம், புருஷனைவிட நாலு விரல் கூட. வாளி இரண்டையும் காண்டாவில் தொங்கவிட்டு, அந்தத் தடியைத் தோளில் வைத்து அவள் நடந்தால் பால் தளும்பாது. புருஷனைப் பற்றிக் குழாயடியில் அவள் சொல்வது இதுதான்: "எங்க வூட்டுக்காரரு சாமியையும் நம்பமாட்டாரு, டாக்டரையும் நம்பமாட்டாரு. எங் கொழம்ப மட்டும் மோந்துகூடப் பாக்காம திம்பாரு."

அவளுக்குத்தான் வந்தது வலி.

எண்பத்தாறில், ஆடித் திருவிழா முடிந்த மாதம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ உளியை வைத்துத் திருகுவதுபோல் இருக்கிறது என்றாள். டிரஸர் காற்று என்று வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாவது தடவை வயிற்றை அழுத்திப் பார்த்து, அவள் போட்ட சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டு, "பித்தப்பையில கல்லா இருக்கும் திருநாவு. சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கிக் கொண்டு போ. படம் புடிச்சிப் பாத்து ஆபரேசன் செய்வாங்க" என்றார்.

பூசாரி முனியாண்டியும் மூன்று தடவை வந்தார். முதலில் தீம்பாரில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், பயந்த கோளாறு. பிறகு கண்ணேறு. கடைசியில், தீமிதிக்கு நேர்ந்துகொண்ட மஞ்சள் சேலையைப் பஞ்சாலை கொடுக்க மறந்ததால் ஆத்தாவுக்குக் கோபம். இருபத்தொரு நாள் வேப்பிலைத் தண்ணீர், பிறகு சேலை.

திருநாவுக்கரசு நோட்டை எடுத்து இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். காற்று, பூச்சி, கல். பயம், கண்ணேறு, சேலை.

"ரெண்டு பேரும் மும்மூணு பேரு வச்சிட்டாங்க. ஒரு வாரம் சும்மா வுட்டுப் பாப்போம் புள்ள" என்றார்.

பஞ்சாலை கத்திக்குப் பயந்தவள்தான். சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

சும்மா விடுவது என்று வாயால் சொல்லிவிடலாம். அந்த வாரத்தில் திருநாவுக்கரசு நடந்த நடையை ஆலையில் எல்லாரும் பார்த்தார்கள். தட்டுகளுக்கு நடுவில் போவார், நிற்பார், ஊற்றிய தட்டிலேயே மறுபடி ஆசிட் ஊற்றப் போவார். நாலாம் நாள் புகைக்கூடத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பூசாரியிடம் போய் நின்றார்.

"மச்சான், பஞ்சாலை மூணு பேரு இருந்தா..." என்றார்.

முனியாண்டி கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார். "என்னா?"

"மூணு பேரு இருந்தா ஒருத்திய டிரஸர்கிட்ட விடலாம், ஒருத்திய உங்ககிட்ட விடலாம். ஒருத்தி சும்மா இருக்கட்டும். எது சரின்னு தெரிஞ்சிரும்."

"ஒருத்திதானே இருக்கா மாப்ளே."

"அதான்" என்றார் திருநாவுக்கரசு. அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. பஞ்சாலை வெட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் அடித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு, உறைய வைத்த பாலைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுத் திருநாவுக்கரசு வீட்டுக்கு வந்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படிப் பாதியில் வந்ததே கிடையாது. பாயில் படுத்திருந்தவளின் கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். அவளுக்குப் படித்துக் காட்டுவதுபோல் தனக்கே படிக்க ஆரம்பித்தார்.

"எழுபத்தெட்டு, வெண்டைச் செடி. ஒரம் போட்டது பூச்சி, மஞ்சத்தண்ணி தெளிச்சது பூச்சி, சும்மா வுட்டது நல்லாயிருக்கு. எம்பத்தொண்ணு, எங் கால் ஆணி. டிரஸர் களிம்பு கேக்கல, வேண்டுதல் கேக்கல, ஒரு மாசம் சும்மா வுட்டேன், உழுந்துருச்சி. எம்பத்து நாலு, கோழிச் சீக்கு. சும்மா இருந்ததுதான் பொழைச்சிது. பத்தொம்பது தடவ பாத்துருக்கேன் புள்ள. பதிமூணு தடவ சும்மா இருந்ததுதான்..."

"நிறுத்துங்க" என்றாள் பஞ்சாலை.

நிறுத்தினார்.

"அத நம்பிக்கிட்டா இத்தினி நாளு உக்காந்திருக்கீங்க?"

"ஏன்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூணாவது மங்குல நான் போட்டேன்."

"என்னா போட்டே?"

"டிரஸர் பொடி ஒரு சிட்டிக. துன்னூறு ஒரு சிட்டிக. ரெண்டு வெங்காயம் தட்டிப் போடுவேன். நீங்க குளிக்கப் போன பெறவு."

திருநாவுக்கரசு நோட்டை மடியில் இறக்கினார். "எத்தினி நாளா?"

"மொத நாள்லேருந்து."

"ஏண்டி?"

"பாவமா இருந்திச்சி. பக்கத்து ரெண்டு ரூமுக்கும் மருந்து. இது நாலும் கம்பிக்குள்ளேருந்து மூஞ்சிய மூஞ்சியப் பாக்குது. வாயில்லாத சீவனுக்குப் போயி வெறுந்தண்ணிய வச்சிட்டு, ஏழு சுத்து வேற கலக்கிக் காட்டுறீங்க. மனசு கேக்கல."

"வெண்டைச் செடி?"

"அதுக்கு சாம்பல் போட்டேன்."

அவர் தன் வலது காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தார்.

"கால் ஆணி?"

"ராத்திரி தூங்குவீங்கள்ல. வேப்பெண்ணெ தடவுனேன்."

நோட்டு மடியில் திறந்தபடி கிடந்தது. பத்து வருஷம். பெஞ்சில் மார்தட்டியது, டிரஸரை மடக்கியது, மச்சானை மடக்கியது எல்லாம் இந்த மனுஷியின் கைப்பிடிக்குள் இருந்த வெங்காயம். அந்தப் பத்தொன்பதில் அவள் கைபடாதது ஒன்றே ஒன்று. ஆலையில் வைத்த பால் தட்டு. சும்மா விட்ட பால் உறைந்தது நிஜம். கிராணி மூக்கைப் பொத்தியதும் நிஜம். அந்த நாற்றத்தை மட்டும் அவர் நோட்டில் எழுதாமல் விட்டிருந்தார். உறைந்ததென்று இவர் குதித்த பால் அழுகிக் கிடந்த பால்.

பஞ்சாலையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். எழுந்தார். செருப்பைத் தேடாமல் வெளியே ஓடினார்.

தோட்டத்து லாரி சிரம்பானுக்குப் போன காட்சியை லைன் வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முன்னால் டிரைவர், பஞ்சாலை, அவளைத் தாங்கிப் பிடித்தபடி திருநாவுக்கரசு. பின்னால் பால் பீப்பாய் ஏற்றுகிற இடத்தில் டிரஸரும் பூசாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். டிரஸர் கையில் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம். பூசாரி கையில் திருநீற்றுப் பொட்டலமும் ஒரு மஞ்சள் சேலையும். சேலையை முனியாண்டி தன் பெண்சாதி பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். வளைவில் லாரி சாய்ந்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். புக்கிட் புத்துஸ் மலைப் பாதையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. சிரம்பான் வரும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கையில் வைத்துத் தள்ளுவதற்கு முன்னால் பூசாரி அவள் நெற்றியில் திருநீறு பூசினார். நர்ஸ் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முனியாண்டி உள்ளங்காலில் பூசினார். திருநாவுக்கரசு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் காலைப் போர்வைக்குள் தள்ளி மூடிவிட்டவர் அவர்தான்.

ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதினார். நீளமான பெயர். எழுதி முடிக்க நேரமாயிற்று.

"ஏதாவது கேக்கணுமா பாக்சிக்?" என்று மலாயில் பெரியவரை அழைக்கிற மாதிரி கேட்டார் அந்த நர்ஸ்.

பத்து வருஷமாக வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்ட கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது. டிரஸரும் பூசாரியும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. சீக்கிரம் கொண்டு போங்க" என்றார் திருநாவுக்கரசு.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கைக்கு எட்டாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக டிரஸர் வந்து சொன்னார். பஞ்சாலை பிழைத்துக்கொண்டாள். நீலாய் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் வள்ளிநாயகி வந்து மூன்று வாரம் கூட இருந்து கஞ்சி காய்ச்சினாள். வயிற்றிலிருந்து எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். ஏழு கல், பயற்றங்காய் விதை அளவில். அந்தப் போத்தல் இன்றைக்கும் அவர்கள் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்கும் டிரஸரின் டானிக் போத்தலுக்கும் நடுவில் இருக்கிறது.

பஞ்சாலை வீட்டுக்கு வந்த மறுவாரம் பெஞ்சு கூடியது. டிரஸர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நோட்ட எடு திருநாவு. எழுதிக்க. ஆபரேசன், சைன்ஸ்."

"யாரு, அந்தக் காத்து, பூச்சின்னு சொன்ன சைன்ஸா?" என்றார் பூசாரி. "மாப்ளே, எழுதிக்குங்க. உள்ளங்கால்ல துன்னூறு. ஆத்தா கூடவே போயி நின்னுருக்கா."

"கத்தி பட்ட எடத்துல நிக்காம கால்மாட்டுல எதுக்குய்யா நின்னா?" என்றார் டிரஸர்.

திருநாவுக்கரசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை எடுத்தார். பழைய பக்கங்களில் பதினெட்டு வரியை டிரஸரும் பூசாரியும் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அடித்தார். முதல் வரியை மட்டும் அடிக்கவில்லை. 'உறைந்தது' என்பதற்குப் பக்கத்தில் 'நாறியது' என்று சேர்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினார். டிரஸர் எட்டிப் படித்தார்.

'பஞ்சாலை. உருப்படி ஒன்று. சோதனை செல்லாது.'

"என்னாய்யா இது?"

"ரெண்டும்தான் குடுத்தோம். எது வேல செஞ்சிச்சின்னு எப்படி எழுதுறது? உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எழுதுங்க ஐயா. எனக்குத் தெரியல." நோட்டை மூடிவிட்டுச் சொன்னார், "சும்மா வுட்டுருந்தா செத்துருப்பா. அது மட்டும் தெரியுது."

ஆள் திருந்திவிட்டார் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். கோயிலுக்கு ஒழுங்காக வருவார், இல்லாவிட்டால் டிரஸர் சொன்னபடி கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. தீமிதிக்குப் புது மஞ்சள் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "இது கடன் மச்சான், உங்க வூட்டு அக்கா சேலைக்குப் பதிலு" என்றார். டிரஸர் மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு, "இந்த வாட்டி இதுக்கு என்னா பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்றுதான் கூடியிருக்கிறது. யாராவது வேண்டுதல் பலித்த கதையோ மருந்து கேட்ட கதையோ சொல்லும்போது, பழைய கேள்வி வாய்வரை வரும். வந்ததும் சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து வெங்காயம் உரிக்கிற வாடை வந்தால் கேட்காமல் விட்டுவிடுவார்.

மூன்று மங்கும் இன்றைக்கும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்குக் குந்துகிறார். தண்ணீரை அளவு பார்க்கிறார். முதலில் பொடி, இரண்டாவதில் திருநீறு, மூன்றாவதில் வெறும் ஏழு சுற்று. கோழிகளும் புதுசு, துணியும் புதுசு. மூன்றாவது அறைக் கோழிகள்தான் கூட்டிலேயே கொழுத்தவை, பார்த்தாலே தெரியும்.

ஏழாம் சுற்று முடிந்ததும் எழுந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பீடியை எடுப்பார். பின்னால் சமையற்கட்டுக் கதவு கிறீச்சிடும். பஞ்சாலையின் காலடி கூட்டை நோக்கி வரும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற காலடி, ஆபரேசனுக்குப் பிறகு அப்படித்தான். திருநாவுக்கரசு தீக்குச்சியைக் கிழிப்பார். முதல் உரசலிலேயே நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஊதி அணைத்துவிட்டு, இன்னொரு குச்சியை எடுப்பார்.